நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால்

தெரியாத நம்பரிலிருந்து போன் வரும். "சார், உங்க லோன் மூணு மாசமா பெண்டிங், இன்னைக்குள்ள கட்டலைன்னா வீட்டுக்கு ஆள் வரும்" என்பார்கள். எந்த லோன் என்று கேட்டால் நீங்கள் காதால்கூடக் கேட்டிராத ஒரு ஆப்பின் பெயரைச் சொல்வார்கள். சிலருக்கு போனே வராது. வீட்டுக் கடனுக்குப் போன இடத்தில் சம்பளம் சரி, பத்திரம் சரி, வில்லங்கம் சரி என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "சிபில்ல ஒரு ஓவர்டியூ இருக்கே" என்று மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டுவார். எங்கள் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் தெரியவந்தது. தொகை ஆறாயிரம் ரூபாய் கூட இல்லை, ஆனால் அந்த ஒரு வரியால் வீட்டுக் கடன் அப்படியே நின்றுபோனது.

பான் நம்பர், பிறந்த தேதி, ஆதார் நகல் மூன்றும் ஒருவன் கையில் கிடைத்து, கூடவே ஒரு சிம்மும் இருந்தால் போதும், ஆப்பில் சிறு கடன் எடுத்துவிடுகிறான். பெரிய ஆள், சின்ன ஆள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனியே தன் பான் நம்பரில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகப் பொதுவெளியில் புலம்பினார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டிவிடாதீர்கள். "நாலாயிரம்தானே, தலைவலி தீர்ந்தது என்று கட்டித் தொலைப்போம்" என்று எல்லோருக்கும் தோன்றும், வீட்டில் இருப்பவர்களும் அதையேதான் சொல்வார்கள். கட்டிய நிமிடமே அந்தக் கடன் உங்களுடையதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், பிறகு 'இது என்னுடையது இல்லை' என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொன்னாலும் "அப்புறம் ஏன் சார் கட்டினீங்க?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. பாதிப் பணத்தில் முடித்துத் தருகிறோம் என்று செட்டில்மென்ட் பேசுவார்கள், அது இன்னும் மோசம். ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று பதிவாகும், அந்த வார்த்தையைப் பார்த்தாலே அடுத்த வங்கிக்காரர் ஃபைலை மூடிவிடுவார்.

போன் செய்கிறவனே மோசடிக்காரனாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, கடனே இல்லாமல் மிரட்டிப் பணம் பறிக்கிற கூட்டம் தனியாக இருக்கிறது. அதனால் போனில் உங்கள் விவரம் எதையும் உறுதிப்படுத்தாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், லோன் அக்கவுண்ட் நம்பர், இந்த இரண்டை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்துவிடுங்கள். அவர்கள் அனுப்புகிற லிங்கைத் தொட வேண்டாம்.

சரி, உண்மையிலேயே கடன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நம் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் நான்கிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் தெரிகிற கடன் இன்னொன்றில் இல்லாமல் இருக்கும், ஒன்றில் நீக்கியது மற்றொன்றில் அப்படியே கிடக்கும். நான்கு பேரும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது, 2017-லிருந்தே. இணையதளத்தில் நுழைந்ததும் மாதச் சந்தா, வருடச் சந்தா என்று பெரிய பட்டன்களைக் காட்டுவார்கள், இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பு ஓரத்தில் சின்னதாக இருக்கும். தேடிப் பிடியுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஸ்கோரைப் பார்த்து வயிற்றைக் கலக்கிக்கொள்ள வேண்டாம், ஸ்கோர் தானாகச் சரியாகும். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று இடங்கள். கடன் பட்டியலில் உங்களுடையது அல்லாத கணக்கு எது, எந்தத் தேதியில் திறந்தது, எத்தனை நாள் பாக்கி என்று காட்டுகிறது. அடுத்து 'என்கொயரி' பகுதி, அதாவது உங்கள் பெயரில் யாரெல்லாம் கடன் கேட்டு விண்ணப்பித்தார்கள் என்ற பட்டியல். கடன் கிடைக்காமல் போன முயற்சிகளும் இதில் தெரியும், எத்தனை இடத்தில் உங்கள் பான் நம்பரைப் போட்டுப் பார்த்திருக்கிறான் என்பது இங்கேதான் புரியும். மூன்றாவது, பெரும்பாலும் யாரும் பார்க்காத இடம், ஆரம்பத்தில் இருக்கும் சொந்த விவரப் பக்கம். சித்தப்பா மகனின் ரிப்போர்ட்டில் அவன் வாழ்நாளில் போயிராத ஒரு வடமாநில ஊரின் முகவரி இருந்தது, அவன் பெயருக்குப் பின்னால் நாலைந்து எண்களைச் சேர்த்து ஒரு ஈமெயில், அப்புறம் அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மொபைல் நம்பர். திருடன் விட்டுப்போன தடயம் அதுதான், புகாரில் அந்த மூன்றையும் அப்படியே எழுத வேண்டும். ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அது அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்து புகார். உங்கள் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள், கையோடு வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கிவைக்க அந்த முதல் சில மணி நேரம்தான் உதவும். ஓடிபியை நீங்கள் யாருக்கும் சொல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், மூன்றாம் ஆள் செய்த திருட்டு என்றால் மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. தாமதிக்கத் தாமதிக்க உங்கள் பங்கு கூடும்.

உங்கள் பணம் போகவில்லை, உங்கள் பெயரில் கடன் மட்டும் என்றால் சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நிதானமாகப் புகார் பதியுங்கள். பதிந்ததும் வரும் ஒப்புகை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இணையப் புகாரோடு நின்றுவிட்டால் பல நேரம் கிணற்றில் போட்ட கல்தான், அதனால் அந்த ஒப்புகையை அச்செடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டங்களிலும் மாநகரங்களிலும் சைபர் க்ரைம் காவல் நிலையம் தனியாக இருக்கிறது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் கொடுத்தாலும் வாங்கத்தான் வேண்டும், ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும் என்பதால் எப்படியும் கைமாறும். நேராக சைபர் க்ரைமுக்கே போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மனுவில் பிரிவுகளையும் எழுதுங்கள், எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை, எழுதினால் விவரம் தெரிந்த ஆள் என்று நினைப்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி என்பது அடுத்தவரின் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது, மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 66டி ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 மோசடி, 319 ஆள்மாறாட்ட மோசடி. பழைய ஐபிசி 420 என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள், 2024 ஜூலை 1-லிருந்து நடக்கும் குற்றங்களுக்குப் புதுச் சட்டம்தான். கடன் அதற்கு முந்தையது என்றால் பழையதே பொருந்தும்.

ஸ்டேஷனில் முதலில் சிஎஸ்ஆர் ரசீதுதான் தருவார்கள், அதாவது மனு வாங்கியதற்கான ரசீது. வாங்கிக்கொள்ளுங்கள், வெறுங்கையோடு திரும்புவதைவிட அது மேல், பல வங்கிகள் ஆரம்ப கட்டத்தில் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யும். ஆனால் கேட்க வேண்டியது எஃப்ஐஆர். பதிந்தால் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் பிஎன்எஸ்எஸ் என்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4)-இன் கீழ் மனுவை எழுத்தில் எஸ்பிக்கு அனுப்பலாம், அதுவும் ஆகவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு எஸ்பி அலுவலகத்துக்கு ஒரு மனு போனாலே கீழே நகர்வு தெரிந்துவிடும்.

இனி முக்கியமான ஆள், கடன் கொடுத்த நிறுவனம். ஆப்பின் பெயர் வேறு, அதற்குப் பின்னால் பணம் கொடுத்த என்பிஎஃப்சியின், அதாவது வங்கி அல்லாத நிதி நிறுவனத்தின், பெயர் வேறு என்பதை நினைவில் வையுங்கள். ரிப்போர்ட்டில் இருப்பது பின்னால் உள்ளவரின் பெயர்தான். அவர்களுடைய தளத்தில் 'குறைதீர் அதிகாரி' என்று ஒருவரின் ஈமெயில் இருந்தாக வேண்டும், கஸ்டமர் கேர் நம்பரில் தொங்கிக்கொண்டிருக்காமல் அந்த ஈமெயிலுக்கு எழுதுங்கள். அப்படி ஒரு நிறுவனமே ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இல்லை என்றால் அது சட்டத்துக்குப் புறம்பான ஆப், ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' தளத்தில் புகார் செய்துவிட்டு போலீஸ் வழியிலேயே போங்கள்.

ஈமெயிலில் அழுது புலம்ப வேண்டாம். "நான் இந்தக் கடனுக்கு விண்ணப்பிக்கவில்லை, பணமும் என் கணக்குக்கு வரவில்லை, என் அடையாளத்தைத் திருடி எடுத்த கடன் இது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, நேராகக் கேள்விக்குப் போங்கள். விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள். கேஒய்சிக்காக எடுத்த செல்ஃபி அல்லது வீடியோவைக் கேளுங்கள், அதில் இருப்பது உங்கள் முகமாக இருக்காது, அல்லது ஆதார் அட்டைப் படத்தையே படம் பிடித்திருப்பார்கள். விண்ணப்பித்த மொபைல் நம்பர், ஈமெயில், ஐபி முகவரி, ஒப்பந்தத்தில் இ-சைன் போட்ட நேரம், எல்லாம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது, அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் திணறுவார்கள். 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, சில விதிவிலக்குகள் தவிர, கடன் தொகை கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் நேராகப் போக வேண்டும். உங்கள் பெயரில் கடன், பணம் போனது வேறு யாரோ கணக்குக்கு என்றால் அது அவர்கள் சரிபார்ப்பில் விட்ட ஓட்டை, உங்கள் பொறுப்பில்லை. ஒருவேளை உங்கள் பெயரிலேயே நீங்கள் திறக்காத ஒரு கணக்குக்குப் போயிருந்தால், அந்த வங்கிக்கும் தனியாகப் புகார் எழுத வேண்டியிருக்கும். கடன் கொடுத்த தேதியை ஒட்டிய உங்கள் எல்லா வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட்களையும் இணைத்துவிடுங்கள். போலீஸ் ஒப்புகை, கிரெடிட் ரிப்போர்ட், நோட்டரியிடம் வாங்கிய உறுதிமொழிப் பத்திரம் ஆகியவையும் கூடவே. ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், திருடு போனதைச் சொல்லப் போன இடத்திலேயே மறுபடி முழு நகலைக் கொடுப்பானேன்? பதில் எழுதுபவர் மும்பையிலோ குர்கானிலோ இருப்பார், ஆங்கிலத்தில் எழுதினால் வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும்.

இதற்கிடையில் வசூல்காரர்கள் விடமாட்டார்கள். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்பது விதி. உறவினர்களுக்குப் போன் செய்து அவமானப்படுத்துவதும் கூடாது. ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்து, அதே ஈமெயில் தொடரில் இணைத்துக்கொண்டே இருங்கள். "புகார் கொடுத்திருக்கிறேன், எண் இதுதான், இனி எழுத்தில் பேசுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும், சண்டை போட்டு பிபி ஏற்றிக்கொள்ள வேண்டாம். வாட்ஸப்பில் நீதிமன்ற முத்திரை மாதிரி ஏதோ போட்டு அனுப்புவார்கள், பெரும்பாலும் மிரட்டல்தான். ஆனால் மத்தியஸ்தர் அதாவது ஆர்பிட்ரேட்டர் நோட்டீஸ் வந்தால் மட்டும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், கடனையே மறுக்கிறேன் என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒருதலையாக உத்தரவு போட்டுவிட்டுப் போவார்கள்.

நிறுவனத்துக்கு எழுதிய அதே நாளில் கடன் தகவல் நிறுவனங்களிலும் டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபம், போடுங்கள், ஒன்று முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொகை தவறு, தேதி தவறு என்றெல்லாம் தேர்வுகள் இருக்கும், நீங்கள் எடுக்க வேண்டியது 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல'. தெரியாத முகவரி, நம்பர், ஈமெயில், என்கொயரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே போடுங்கள். சிபில்காரர்கள் தாங்களாக எதையும் நீக்க மாட்டார்கள், கடன் கொடுத்தவரிடம் கேட்டு அவர் ஆமாம் என்றால்தான் மாற்றுவார்கள், அதனால்தான் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டச் சொல்கிறேன். மொத்தம் 30 நாள் கெடு. அதில் 21 நாளுக்குள் கடன் கொடுத்தவர் திருத்தத்தை அனுப்ப வேண்டும். 30 நாள் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு, 2024 ஏப்ரல் 26-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அந்த நூறு ரூபாய் கிடைப்பது பெரிதில்லை, ஈமெயிலில் அந்த விதியைக் குறிப்பிட்டுவிட்டால் எதிர்முனையில் தூக்கம் கலையும்.

முதல் முறை "சரிபார்த்தோம், கணக்கு உங்களுடையதுதான்" என்று பதில் வந்தால் மனம் உடையாதீர்கள், பாதி நேரம் யாரும் எதையும் திறந்தே பார்க்காமல் அனுப்புகிற பதில் அது. எதை வைத்துச் சரிபார்த்தீர்கள், அந்த செல்ஃபியை அனுப்புங்கள் என்று மறுபடி எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஆர்க் டாட் இன் தளம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், விவரம் கேட்க 14448. வங்கி, என்பிஎஃப்சி மட்டுமில்லாமல் கடன் தகவல் நிறுவனங்கள் மேலேயும் அங்கே புகார் செய்யலாம். ஆனால் முதலில் நிறுவனத்துக்கு எழுதிய ஆதாரம் இல்லாமல் நேராகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடைசியில் நிறுவனம் இறங்கி வரும்போது ஒரு தந்திரம் செய்வார்கள். "உங்கள் கடன் முடிக்கப்பட்டது, பாக்கி இல்லை" என்று ஒரு என்ஓசி அனுப்புவார்கள். அதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டால் ரிப்போர்ட்டில் பழைய தாமதங்களோடு 'குளோஸ்டு' என்று அந்தக் கணக்கு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு வேண்டிய கடிதம் வேறு: இந்தக் கடனை எடுத்தது நீங்கள் இல்லை, மோசடி என்று உறுதியாகிவிட்டது, நான்கு நிறுவனங்களிலிருந்தும் கணக்கை முழுவதுமாக நீக்கச் சொல்லியிருக்கிறோம் என்று, லோன் நம்பரோடு, அதிகாரி கையெழுத்தோடு. அது வரும்வரை விடக்கூடாது.

கடன் ஒரு பக்கம் ஓடட்டும், வேறு என்னவெல்லாம் உங்கள் பெயரில் திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரையும் ஓடிபியையும் கொடுத்தால் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்பு ஓடுகிறது என்று காட்டும். உங்களுடையது இல்லை என்றால் அங்கேயே குறிக்கலாம். அவசரப்பட்டுக் குறித்துவிடாதீர்கள், அம்மாவுக்கு எப்போதோ உங்கள் ஆதாரில் வாங்கிக் கொடுத்த சிம்மும் அந்தப் பட்டியலில் இருக்கும், குறித்தால் அதுவும் போய்விடும்.

ஆதார் தளத்தில் அங்கீகார வரலாறு என்று ஒரு பகுதி, கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எங்கெல்லாம் சரிபார்த்தார்கள் என்று தெரியும். அங்கேயே பயோமெட்ரிக்கைப் பூட்டியும் வைக்கலாம், கைரேகையை நகலெடுத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்கிற கும்பல்களுக்கு இது நல்ல தடை. பூட்டியதை மறந்துவிட்டு ரேஷன் கடைக்குப் போய் விரலை வைத்தால் ஏற்காது, பின்னால் நிற்கிற வரிசை திட்டும். போகும் முன் தற்காலிகமாகத் திறந்துகொண்டு போங்கள். சந்தேகத்துக்கு ஆதார் உதவி எண் 1947.

வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்கிற வருடாந்தரத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். நீங்கள் வாங்காத சம்பளம், போடாத டெபாசிட் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதியலாம். ஜிஎஸ்டி தளத்தில் பான் நம்பரை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது, உங்கள் பெயரில் யாராவது கம்பெனி நடத்துகிறார்களா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூலி வேலை செய்கிறவர்களுக்குக் கோடிக்கணக்கில் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள், அதெல்லாம் இப்படி ஆரம்பித்ததுதான். இத்தனை குளறுபடி ஆகிவிட்டதே, பேசாமல் புதிதாக ஒரு பான் எடுத்துவிடலாமா என்று மட்டும் யோசிக்காதீர்கள். ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம்.

நகல் எங்கிருந்து போயிருக்கும் என்று யோசித்தால் லாட்ஜ், சிம் கடை, வாடகை வீட்டு புரோக்கர், ஜெராக்ஸ் கடையின் வாட்ஸப் என்று பட்டியல் நீளும், கண்டுபிடிப்பது நடக்காத காரியம். ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது, இரண்டே நாளில் அந்த எச்சரிக்கையை அரசு திரும்பப் பெற்றது, நாம் பழையபடி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். குறைந்தபட்சம் நகலின் குறுக்கே, எண்களின் மேலேயே படுகிற மாதிரி, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் அச்செடுத்ததும் அவர் கம்ப்யூட்டரிலிருந்தும் போனிலிருந்தும் அழிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கணக்கு நீக்கப்பட்டது என்று தகவல் வந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்து நான்கு ரிப்போர்ட்டையும் இன்னொரு முறை எடுங்கள், அந்த வருட இலவசம் தீர்ந்திருந்தால் காசு கொடுத்தாவது. வராக்கடன்களை மொத்தமாக மூட்டை கட்டி வேறு நிறுவனங்களுக்கு விற்கிற பழக்கம் உண்டு, வாங்கிய நிறுவனத்துக்கு உங்கள் புகாரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது, அதே கடன் புதுப் பெயரில், புது நம்பரோடு ரிப்போர்ட்டில் மறுபடி முளைக்கும், வசூல் போனும் புதிதாக வரும். அப்படி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, முதல் நிறுவனம் கொடுத்த அந்தக் கடிதத்தையும் எஃப்ஐஆர் நகலையும் இணைத்து ஒரே ஈமெயில்.